வயதுக் கோபுரத்தில் விழுந்த பள்ளம்

கிரீன்லாந்தின் தலைநகரான நூக்கில் பிளாக் பி என்றொரு அடுக்குமாடிக் கட்டடம் இருந்தது. அப்போது கிரீன்லாந்தை ஆண்ட டென்மார்க் அரசு 1960-களில் கட்டியது. ஐந்து மாடி, முந்நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள். வேட்டைத் துணிமணிகளையும் மீன்பிடிக் கருவிகளையும் வைக்க அந்த வீடுகளில் இடமே கிடையாது. நாட்டு மக்களில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர் அந்த ஒரே கட்டடத்தில் குடியிருந்தார்கள். 2012-இல் அதை இடித்துவிட்டார்கள்.

ஒரு கட்டடத்தில் ஒரு சதவீதம் என்றால் மொத்தம் எத்தனை பேர்? இன்றைக்குச் சுமார் 56,500. நிலப்பரப்போ 21 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். அதில் ஐந்தில் நான்கு பங்கு பனிப்பாளத்துக்கு அடியில் கிடக்கிறது. பனி மூடாத சுமார் 4 லட்சம் சதுர கிலோமீட்டரை மட்டும் எடுத்துக்கொண்டாலும், ஒவ்வொரு 7 சதுர கிலோமீட்டருக்கும் ஒருவர்தான் வருவார். அவர்களும் பரவி வாழவில்லை. கடற்கரையை ஒட்டி, பெரும்பாலும் மேற்குக் கரையில், ஊர் ஊராகக் கூடி வாழ்கிறார்கள். ஒரு நகரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கார் ஓட்டிப் போகச் சாலை கிடையாது. கப்பல், விமானம், ஹெலிகாப்டர்தான்.

மக்கள்தொகைக் கணக்கு எப்படி நடக்கிறது என்று கற்றுக்கொள்ள இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை. கோடிக்கணக்கில் மக்கள் இருக்கும் நாட்டில் ஒரு கொள்கையும் ஒரு நோயும் ஒரு ஊரின் அழிவும் சராசரிக்குள் கரைந்துபோகும். இங்கே எதுவும் கரைவதில்லை. எல்லாவற்றின் தடமும் எண்ணிக்கையில் நிற்கிறது.

முதலில் எண்ணும் முறை. வீடு வீடாகப் போய்க் கேட்கும் கணக்கெடுப்பு இப்போது அங்கே இல்லை. 1972 முதல் ஒவ்வொருவருக்கும் பிறந்தவுடன் ஒரு பதிவு எண் உண்டு. பிறப்பு, இறப்பு, குடிபெயர்வு எல்லாம் அந்தப் பதிவேட்டில் ஏறிவிடும். நாட்டின் புள்ளியியல் அலுவலகம் ஜனவரி 1 அன்று யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று அதிலிருந்தே எண்ணிச் சொல்லிவிடுகிறது. கணக்கும் எளிது: போன வருட எண்ணிக்கையோடு பிறந்தவர்களையும் வந்தவர்களையும் கூட்டு, இறந்தவர்களையும் போனவர்களையும் கழி.

சரி, எத்தனை பேர் என்பது தெரிந்துவிட்டது. எந்த வயதில் எத்தனை பேர்? அதற்குத்தான் வயதுக் கோபுரம் வரைகிறார்கள். கைக்குழந்தைகள் அடித்தட்டில், முதியவர்கள் உச்சியில். இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். பிறப்பும் இறப்பும் நிறைய இருக்கும் சமூகத்தில் இது நிஜமாகவே கோயில் கோபுரம்போலக் கீழே அகன்று மேலே குறுகும். கிரீன்லாந்தின் படம் அப்படி இல்லை. அறுபது வயதையொட்டி ஒரு புடைப்பு. அதற்குச் சற்றுக் கீழே சட்டென்று ஒரு பள்ளம். முப்பதுகளில் மறுபடி ஒரு புடைப்பு. அதற்கும் கீழே மறுபடி ஒடுங்குகிறது.

மேலே இருக்கும் புடைப்பிலிருந்து தொடங்கலாம். 1950-ஐ ஒட்டி கிரீன்லாந்தில் ஒருவரின் சராசரி ஆயுள் நாற்பதைக்கூட எட்டவில்லை. காசநோய் ஊர் ஊராகத் தின்றுகொண்டிருந்தது. 1950-களில் மருந்துகள் வந்தன. 1955 முதல் எக்ஸ்ரே கருவியோடு மிசிக்சூத் என்ற கப்பல் துறைமுகம் துறைமுகமாகப் போய் மக்களைப் பரிசோதித்தது. மரணம் மளமளவென்று குறைந்தது. ஆனால் பழைய வழக்கப்படியே ஒரு பெண்ணுக்கு ஆறு, ஏழு குழந்தைகள். இறப்பு முதலில் குறையும், பிறப்பு ஒரு தலைமுறை கழித்துத்தான் குறையும். இடைப்பட்ட அந்தக் காலத்தில் மக்கள்தொகை பெருகும். உலகம் முழுக்க நடந்த கதை இது. கிரீன்லாந்தில் 1950-இல் சுமார் 23,000 பேர். இருபதே ஆண்டுகளில் அது இரண்டு மடங்கானது.

அந்தப் பெருக்கம் தானாகத் தணிய விட்டிருந்தால் கோபுரம் மெதுவாகச் சரிந்திருக்கும். அது நடக்கவில்லை. 1966-இல் டென்மார்க் மருத்துவர்கள் கருப்பைக்குள் கருத்தடை வளையம் பொருத்தத் தொடங்கினார்கள். அதே காலத்தில் இந்தியக் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம்களில் ‘லூப்’ என்று சொல்லப்பட்டதே, அதே சாதனம்தான். 1970-க்குள் சுமார் 4,500 பேருக்கு அது பொருத்தப்பட்டது. கருத்தரிக்கும் வயதில் இருந்த பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர். அவர்களில் பலரிடம் சம்மதம் கேட்கப்படவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துப்போகப்பட்ட பதின்வயதுச் சிறுமிகளும் இருந்தார்கள். தங்கள் உடம்புக்குள் என்ன வைக்கப்பட்டது என்பதே சிலருக்குத் தெரியாது. சில ஆண்டுகளில் பிறப்புகள் பாதியாகக் குறைந்தன. கோபுரத்தின் பள்ளம் இதுதான்.

பல பத்தாண்டுகளாக அந்தப் பள்ளம் எல்லாப் படங்களிலும் இருந்தது. நவீன வாழ்க்கை வந்தது, பெண்கள் படித்தார்கள், பிறப்பு குறைந்தது என்று அதை விளக்கிவிடுவது சுலபம். அந்தக் காரணங்களும் ஓரளவு உண்மைதான். ஆனால் இவ்வளவு செங்குத்தான சரிவைப் பார்க்கும்போது, யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் வந்திருக்க வேண்டும். 2022-இல் டென்மார்க் வானொலி இந்த விவரங்களை வெளியே கொண்டுவந்தது. அப்புறம் அந்தப் பெண்களில் பலர் வெளிப்படையாகப் பேசினார்கள், வழக்குத் தொடுத்தார்கள். 2025-இல் டென்மார்க் பிரதமர் மெத்தே ஃப்ரெடரிக்சன் மன்னிப்புக் கேட்டார். மருத்துவத் துறை 1992-இல் கிரீன்லாந்தின் கைக்கு வந்த பிறகும் இப்படிச் சில நடந்திருப்பதால், கிரீன்லாந்து அரசும் மன்னிப்புக் கேட்டது.

இனி முப்பதுகளில் இருக்கும் புடைப்பு. 1960-களின் பெருங்கூட்டம் வளர்ந்து இருபதுகளின் நடுவை எட்டியபோது, ஆளுக்கு இரண்டு, மூன்று பிள்ளைகள்தான் பெற்றார்கள். ஆனாலும் தாய்மார்களே அதிகம் என்பதால் 1990-ஐ ஒட்டிப் பிறப்புகள் கூடின. மக்கள்தொகையில் இது எதிரொலி மாதிரி. மலையில் கூப்பிட்டால் குரல் திரும்பி வருவதுபோல, ஒரு தலைமுறையின் கூட்டம் இருபத்தைந்து, முப்பது ஆண்டு கழித்து இன்னொரு கூட்டமாகத் திரும்பும். பள்ளமும் அப்படித்தான். 1970-களில் பிறந்தவர்கள் குறைவு. அவர்கள் பெற்ற பிள்ளைகளும் குறைவு. ஒவ்வொரு முறையும் குரல் கொஞ்சம் தேய்ந்து கேட்கும். 1990-இன் கூட்டம் தாய்தந்தையாகும் வயதுக்கு வந்தபோது, எதிரொலி பிறப்பைக் கூட்டவில்லை, விழாமல் தாங்கிப் பிடித்தது, அவ்வளவுதான். 2010-களில் ஆண்டுக்கு 800-க்கு மேல் இருந்த பிறப்புகள் இப்போது 700-ஐ ஒட்டி வந்துவிட்டன. ஒரு பெண்ணுக்கு இரண்டு குழந்தை என்றிருந்த சராசரியும் அதற்குக் கீழே இறங்கிவிட்டது.

இறப்பைவிடப் பிறப்பு இன்னும் அதிகம்தான். அப்படியிருந்தும் முப்பது ஆண்டுகளாக மொத்த எண்ணிக்கை 55,000-க்கும் 57,000-க்கும் இடையிலேயே நிற்கிறது. காரணம், கதவு திறந்திருக்கிறது. கிரீன்லாந்து மக்கள் டென்மார்க் குடியுரிமை உள்ளவர்கள். படிக்கவோ வேலைக்கோ கோபன்ஹேகன் போக விசா வேண்டாம். கிரீன்லாந்தில் பிறந்த சுமார் 17,000 பேர் இன்று டென்மார்க்கில் வாழ்கிறார்கள். உள்ளே வருபவர்களும் உண்டு. 1970-களில் கட்டுமான வேலைக்கும் அலுவலகங்களுக்கும் வந்த டேனிஷ்காரர்களால், மக்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவர் வெளியே பிறந்தவராக இருந்தார். இப்போது அது பத்தில் ஒருவர் அளவுக்குக் குறைந்திருக்கிறது. புதிதாகப் பிலிப்பைன்ஸ், தாய்லாந்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

வந்தவர்களில் ஆண்கள் அதிகம். போகிறவர்களில், குறிப்பாகப் படிக்கப் போய்த் திரும்பாதவர்களில், பெண்கள் அதிகம். விளைவு, கோபுரத்தின் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிடத் தடித்திருக்கிறது: நூற்றுக்கு 53 பேர் ஆண்கள். நாட்டுக்குள்ளேயும் இதே ஓட்டம்தான். சிற்றூரில் வேட்டையும் மீன்பிடியும் ஆண்களின் தொழில். பெண்ணுக்கு வேலை என்றால் பள்ளி, மருந்தகம், கடை, சில இடங்கள்தான். மேல்நிலைப் படிப்புக்கு நூக், சிசிமியுட், ஆசியாட், ககோர்டோக் ஆகிய நான்கு நகரங்களில் ஒன்றுக்குப் போயாக வேண்டும். பதினாறு வயதில் விமானம் ஏறும் பெண் திரும்பி வரும் காரணம் ஒவ்வொரு ஆண்டும் குறைகிறது.

இதனால் நூக் மட்டும் வளர்கிறது. இன்று அங்கே ஏறக்குறைய 20,000 பேர், நாட்டில் மூன்றில் ஒருவருக்கும் மேல். இந்தக் குவிப்பையும் முழுக்க இயல்பானது என்று சொல்லிவிட முடியாது. 1960-களில் மக்களைச் சில பெரிய நகரங்களில் சேர்ப்பதே அரசின் திட்டம். டிஸ்கோ தீவில் குல்லிசாட் என்ற நிலக்கரிச் சுரங்க ஊர், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு இருந்தது. 1972-இல் அது மூடப்பட்டு ஒருவர்கூட மிச்சமில்லாமல் காலியானது. அங்கிருந்தவர்கள் பல நகரங்களுக்குச் சிதறினார்கள். ஊர்களை உருவாக்கியதும் இப்படித்தான். கிழக்குக் கரையின் இட்டோக்கோர்ட்டோர்மீட், 1925-இல் தெற்கேயிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட சில குடும்பங்களால் உண்டான ஊர். இப்போது சுமார் 350 பேர். அங்கே ஒரு குடும்பம் கிளம்பினால் பள்ளியில் ஒரு வகுப்பே ஆட்டம் காணும்.

1960-களின் கூட்டம் இப்போது பென்ஷன் வயதை எட்டிக்கொண்டிருக்கிறது. அவர்கள் விட்டுப்போகும் வேலைகளுக்கு அடியில் நிற்பது அந்தப் பள்ளம்: ஐம்பது வயதைச் சுற்றியிருக்கும் மெல்லிய தலைமுறை. செவிலியர்கள், மாலுமிகள், ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் குறைவார்கள். அதே நேரத்தில், கவனித்துக்கொள்ள வேண்டிய முதியவர்கள் கூடுவார்கள்.

2050-இல் அந்த நாட்டில் தாயாகக் கூடிய வயதில் இருக்கும் பெண்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே பிறந்துவிட்டார்கள். அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 350 பெண் குழந்தைகள். பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் எண் உண்டு, ஊர் உண்டு. கிரீன்லாந்தின் அடுத்த எதிரொலி எவ்வளவு உரக்கக் கேட்கும் என்பது அந்த 350 பேரில் எத்தனை பேர் முப்பது வயதில் நூக்கிலோ இலுலிசாட்டிலோ இருப்பார்கள், எத்தனை பேர் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் இருப்பார்கள் என்பதைப் பொறுத்தது.