எரர் வரவில்லை, அதனால் விடை சரியா?

"எரர் எதுவும் வரவில்லை, நன்றாக ஓடியது." ஆய்வுக் கணக்கீடுகளைச் சரிபார்த்துக் கொடுக்கும் வேலையில் இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. போன வாரமும் ஒரு மரபணுப் பட்டியல் வந்தது. செப்ட்2 என்ற மரபணுப் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் செப்டம்பர் 2 என்று தேதி. எக்செல் தானாக மாற்றிவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. இது புதிதாக முளைத்த சிக்கலே இல்லை. எக்செல் பட்டியல் இணைத்த மரபணு ஆய்வுக் கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதாக 2016-லேயே ஓர் ஆய்வு சொன்னது. அந்த மரபணுவுக்கே செப்டின்2 என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பழைய பட்டியல்கள் இன்னும் பழைய பெயரோடுதான் சுற்றுகின்றன.

எரர் எப்போது வரும்? சொன்ன வேலையைக் கணினியால் செய்ய முடியாதபோது வரும். செய்ய முடிகிற வேலையைத் தப்பாகச் சொல்லியிருந்தால் வராது. கூட்ட வேண்டிய இடத்தில் கழிக்கச் சொல்லுங்கள், சத்தமில்லாமல் கழித்துக் கொடுக்கும். விடையில் பன்னிரண்டு தசம இலக்கம் இருப்பதும் எதற்கும் சாட்சி இல்லை. தப்பான எண்ணையும் அதே பன்னிரண்டு இலக்கத்தோடுதான் அச்சடிக்கும்.

சூத்திரம் சரியாக இருந்தாலே போதும் என்பவர்கள் இதைச் செய்து பாருங்கள். 100000001, 100000002, 100000003 என்ற மூன்று அளவீடுகள். மாதிரி மாறுபாடு (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 1, மனக்கணக்கிலேயே வரும். இதையே வர்க்கங்களின் கூட்டுத்தொகையிலிருந்து சராசரியின் வர்க்கத்தை அளவீடுகளின் எண்ணிக்கையால் பெருக்கிக் கழிக்கும் பாடப்புத்தகச் சூத்திரத்தில், கணினி தசம எண்களைச் சேமிக்கும் வழக்கமான 64 பிட் வடிவில் போட்டால் விடை 0. வர்க்கங்களில் 17 இலக்கம். இந்த வகை எண்ணில் ஏறக்குறைய 16 இலக்கம்தான் நிற்கும். நமக்கு வேண்டிய வித்தியாசம் கடைசி இலக்கங்களில் இருந்தது, அது கழித்தலில் காணாமல் போய்விட்டது. கணிதம் சரி, சூத்திரம் சரி, விடை தப்பு.

2006-07-இல் புரதக் கட்டமைப்பு பற்றிய 5 கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டதற்குக் காரணம், ஆய்வகத்துக்குள்ளேயே புழங்கிய ஒரு புரோகிராம் இரண்டு நெடுவரிசைகளை இடம் மாற்றியதுதான். 2019-இல் வேதியியலில் இன்னொன்று. பைதான் மொழியில் எழுதிய ஒரே ஸ்கிரிப்ட் (சிறு புரோகிராம்), ஒரே தரவு, ஆப்பரேட்டிங் சிஸ்டம் மாறினால் விடையும் மாறியது. கோப்புகள் எந்த வரிசையில் வரும் என்பதை ஸ்கிரிப்ட் சிஸ்டத்தின் கையில் விட்டிருந்தது. இரண்டிலும் எரர் வரவில்லை.

சரி, என்ன செய்வது? விடை ஏற்கெனவே தெரிந்த சின்னக் கணக்கை முதலில் ஓட்டுங்கள். அது தேறிய பிறகுதான் உங்கள் தரவு. பெயர்கள் இருக்கும் நெடுவரிசையை எக்செலில் 'டெக்ஸ்ட்' என்று சொல்லி இறக்குமதி செய்யுங்கள். இரட்டைக் கிளிக் செய்து திறக்காதீர்கள். கோப்புகளை நீங்களே வரிசைப்படுத்துங்கள். மென்பொருளின் பெயரை மட்டும் எழுதினால் போதாது, பதிப்பு எண்ணையும் எழுதுங்கள். முக்கியமான விடையை வேறொரு மென்பொருளில் போட்டுப் பாருங்கள்.

வழிகாட்டிகளிடம் ஒரு வேண்டுகோள். மாணவர் வரைபடம் கொண்டுவந்தால் ஸ்கிரிப்டையும் கேளுங்கள், கூடவே உட்கார்ந்து வரிவரியாகப் படியுங்கள். அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாத அளவுக்கு எந்தக் கட்டுரைக்கும் அவசரம் கிடையாது.