ரிக்ரெஷன்: பின்னால் போவது எது?

உளவியல் மாணவர் 'ரிக்ரெஷன்' என்ற சொல்லை இரண்டு வகுப்புகளில் சந்திக்கிறார். தங்கை பிறந்ததும் நாலு வயது அண்ணன் மறுபடி விரல் சூப்பத் தொடங்கினால், ஃப்ராய்ட் வழியில் அது ரிக்ரெஷன். புள்ளியியல் வகுப்பில், படித்த நேரத்தை வைத்து மதிப்பெண்ணைக் கணிக்கும் கோடும் ரிக்ரெஷன்தான். விரல் சூப்பும் பையன் பின்னால் போகிறான், சரி. கோட்டில் எது பின்னால் போகிறது?

வேர் லத்தீன்: 'ரெ' பின்னோக்கி, 'கிராடி' அடியெடுத்து வைத்தல். 'புரோகிரஸ்' இதன் உடன்பிறப்பு.

புள்ளியியலில் இச்சொல்லை நிலைக்க வைத்தவர் ஆங்கில அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன். 205 பெற்றோர் இணைகள், வளர்ந்த பிள்ளைகள் 928 பேர் ஆகியோரின் உயரங்களை ஆராய்ந்து 1886இல் எழுதினார். பெண்களின் உயரத்தை 1.08ஆல் பெருக்கி ஆண்களின் அளவுக்குக் கொண்டுவந்தார். நெட்டையான பெற்றோருக்கு நெட்டையான பிள்ளைகள்தான், ஆனால் அவ்வளவு நெட்டை இல்லை. பெற்றோர் சராசரியிலிருந்து மூன்று அங்குலம் விலகினால் பிள்ளைகள் விலகியது ஏறக்குறைய இரண்டு. இந்தப் பின்வாங்கலுக்குத்தான் அந்தப் பெயர். பிறகு, இப்படி ஒன்றை வைத்து மற்றொன்றைக் கணிக்கும் கோடு எல்லாத் துறைக்கும் போனது. பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டு போனது.

ஏதோ விசை இழுக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. பிள்ளைகளிலிருந்து தொடங்கிப் பெற்றோரைப் பார்த்தாலும் இதே கதைதான். இரண்டு அளவுகள் முழுதாக ஒத்துப்போகாதவரை இது நடக்கும். மனச்சோர்வு உச்சத்தில் இருக்கும்போதுதான் பலர் சிகிச்சைக்கு வருகிறார்கள். எதுவுமே செய்யாவிட்டாலும் அடுத்த அளவீட்டில் அவர்களின் சராசரி மதிப்பு கொஞ்சம் இறங்கியிருக்கும். கட்டுப்பாட்டுக் குழு (ஒப்பிட்டுப் பார்க்க, அந்தச் சிகிச்சை பெறாதவர்களின் குழு) இல்லாத ஆய்வு அந்த இறக்கத்தையும் சிகிச்சையின் கணக்கில் எழுதிவிடும்.

தமிழில்? 'பின்னடைவு' என்று எழுதுவோர் உண்டு. தேர்தல் எண்ணிக்கை நாளில் வேட்பாளருக்கு ஏற்படுவது அது, கோட்டுக்கு ஏன்? தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'ஒட்டுறவு'க்கு (கோரிலேஷன்) அடுத்து 'தொடர்புப் போக்கு' என்கின்றன. வேரை விட்டுவிட்டு வேலையைப் பிடித்த சொல், எனக்குப் பிடிக்கும். ஆனால் கால்டன் கண்டதை அதனால் சொல்ல முடியாது; அதற்குச் 'சராசரிக்கு மீளல்' என்பேன். ஃப்ராய்டின் பையனுக்குப் 'பின்னோக்கம்' போதும். ஆங்கிலம் ஒரே சொல்லில் குழப்பியதைத் தமிழும் ஒரே சொல்லில் குழப்ப வேண்டிய கட்டாயம் இல்லையே.