லேடெக்ஸ்: சாறு அன்று, பால்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிப் பிழைத்த குடும்பங்களுக்கு 'லேடெக்ஸ்' என்பது கையுறைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் சொல். அவர்கள் பேச்சில் அது என்றும் பால்தான். லத்தீனில் 'லேடெக்ஸ்' என்றால் நீர்மம் என்பதே பொருள். காயம்பட்ட செடியிலிருந்து கசியும் வெண்ணிற நீர்மத்துக்குத் தாவரவியலார் அதைப் பின்னர் உரியதாக்கினர். மலாய்க்காரரின் 'கெத்தா' பாலையும் பிசினையும் ரப்பரையும் ஒருசேரக் குறிக்கும். தமிழோ முருங்கைக்குப் பிசின், எருக்குக்கும் கள்ளிக்கும் பால் என்று பிரித்தே வழங்குகிறது.

லேடெக்ஸைத் தமிழில் 'மரச்சாறு' என்று மொழிபெயர்ப்போரும் உண்டு, அது பிழை. நீரையும் உணவையும் மரமெங்கும் கொண்டுசெல்லும் சாறு வேறு, உட்பட்டையில் தனக்கென்று அமைந்த பால்குழல்களில் அழுத்தத்தோடு நிற்கும் இந்தப் பால் வேறு. பட்டை அறுபட்டதும் பால் பீறிட்டு வர, அதிலுள்ள நுண்பைகள் உடைந்து 'ஹெவீன்' என்னும் புரதம் வெளிப்பட்டு, ரப்பர்த் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் காயத்தை அடைக்கிறது. பூஞ்சைகளின் செல்சுவரில் உள்ள 'கைட்டின்' என்னும் பொருளையும் அப்புரதம் பற்றிக்கொண்டு அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கும். மரத்துக்கு இது உணவன்று, காவல். பப்பாளிப் பாலில் அந்தக் காவல், புரதங்களைச் சிதைக்கும் பப்பைன் என்னும் நொதியிடம் இருக்கிறது. இலையைக் கடிக்கும் புழுவுக்கு அதுவே நஞ்சாகும். எருக்கின் இனத்துச் செடிகளைத் தின்னும் சில வண்ணத்துப்பூச்சிப் புழுக்கள் மட்டும் முதலில் இலை நரம்பைக் கடித்துப் பால் வடியவிட்டு, பிறகுதான் மேய்கின்றன. பால்வெட்டுக்காரர் மறுமுறை மரத்தடிக்கு வந்ததும், வெட்டுக்கோட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நாடாவைப்போல் உரித்தெடுத்த பிறகே ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் பட்டையைச் சீவுகிறார். அதாவது மரம் பூட்டிய கதவைத் திரும்பத் திரும்பத் திறக்கிறார். விடியுமுன் வெட்டுவதும் அப்போது குழல்களில் அழுத்தம் மிகுந்திருப்பதால்தான்.

பால் என்றால் ஊட்டுவது என்ற எண்ணம் எழுமே என்பார்க்கு, கள்ளிப்பாலை எவரும் ஊட்டமென்று கொண்டதில்லை என்பதே விடை. 'மரப்பால்' ரப்பருக்குப் பொருந்தும். எருக்கு மரமன்று ஆதலால், அறிவியல் எழுத்தில் பொதுப்பெயராகத் 'தாவரப்பால்' என்பதையே நான் கொள்வேன். காயத்தை மூடி உறைந்ததைக் குறிக்கப் புதுச்சொல் வேண்டாம், தோட்டத்து 'ஒட்டுப்பால்' இருக்கிறது.