விறகு பாய்லருக்கு வால்வு பூட்டுவதற்கு முன்

"பாஸ், அறை சூடாகாமல் சுடுதண்ணீர் மட்டும் வரச் செய்ய ஏலாதா?" நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் நெருங்கினால் இப்படி ஒரு போனாவது எனக்கு வந்துவிடும். ஏலும். ஆனால் வால்வை எந்தக் குழாயில் பூட்டுகிறோம் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

வீடு முழுக்கச் சூடேற்றும் ஏற்பாடு நம் பக்கம் அபூர்வம். கணப்பில் நாலு கட்டையைப் போட்டுவிட்டுக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்கிற ஊர் இது. ஆனாலும் துரைமார் காலத்துப் பழைய பங்களாக்கள் சிலவற்றில் குசினி அடுப்புக்குப் பின்னால் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். அதுதான் பாய்லர். விறகு எரிய எரிய அதிலுள்ள தண்ணீர் சூடாகி, இலேசாகி, மேலே இருக்கும் செப்பு டாங்கிக்குத் தானே ஏறும். ஆறிய தண்ணீர் கனத்துக் கீழே இறங்கும். பம்ப் கிடையாது, கரண்ட் கிடையாது. ஓர் அங்குலக் குழாய் இடையில் பள்ளம் விழாமல் ஏறுமுகமாகப் போனால் போதும். பிற்காலத்தில் யாராவது அதே குழாயில் கிளை எடுத்து அறைகளுக்கு ரேடியேட்டர், அதாவது சுடுதண்ணீர் உள்ளே ஓடி அறையைச் சூடாக்கும் இரும்புப் பலகை, கொடுத்திருப்பார்கள். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பம்.

கந்தப்பளைப் பக்கம் விருந்தினர் விடுதியாகிவிட்ட ஒரு பங்களாவுக்குப் போயிருந்தேன். சமையல் அண்ணன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "தம்பி, ராவையில குழாய்க்குள்ள யாரோ சுத்தியலால அடிக்கிற மாதிரி கேக்குது." குசினிக்குள் போய்ப் பார்த்தேன். டாங்கிக்குப் போகும் குழாயில் ஒரு கேட் வால்வு, ரேடியேட்டர் கிளையில் இன்னொன்று. யாரோ புதிதாகப் பூட்டியிருந்தார்கள். அறை புழுங்குகிறது என்று ஒன்றை மூடியிருக்கிறார்கள். தண்ணீர் கை பொறுக்காத சூடு என்று மற்றதையும் மூடியிருக்கிறார்கள். அடுப்பில் சவுக்கு விறகு எரிந்துகொண்டே இருக்கிறது.

கூரைக்குள் ஏறினேன். அங்கே பச்சைத் தண்ணீர் ஊட்டும் மேல் டாங்கியின் பிளாஸ்டிக் மூடி அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. அதன் மேல் வளைந்து நிற்கும் குழாயிலிருந்து ஆவியும் கொதிநீரும் விட்டு விட்டுக் கக்கிக்கொண்டிருந்தன. அந்த வீட்டைக் காப்பாற்றியது அந்தக் குழாய்தான். பாய்லரிலிருந்து நேரே மேலே வந்து, வாய் திறந்தபடி நிற்கும் ஆவிக்குழாய். 'சூடு வீணாகிறது' என்று யாராவது அதைத் துணி வைத்து அடைத்திருந்தால்? தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,600 மடங்கு விரியும். அந்த இரும்புப் பெட்டி அதைத் தாங்காது.

வால்வு போடச் சொன்னது விடுதிக்காரரின் லண்டனில் இருக்கும் மச்சானாம். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் ஊருக்கு அது சரி. அங்கே காஸ் பாய்லர். செப்பு டாங்கியின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், சூட்டைப் பார்த்துத் தானே இயங்கும் சுவிட்சான தெர்மோஸ்டாட் ஒன்று இருக்கும். 60 டிகிரி வந்ததும் சுடுதண்ணீர்ப் பக்கத்து மோட்டார் வால்வு மூடிக்கொள்ளும். அறைப் பக்கமும் மூடிவிட்டால் பாய்லருக்கு மின்சாரக் கட்டளை நின்று, தீயும் அணைந்துவிடும். விறகு அடுப்புக்கு ஏது சுவிட்ச்? எரிகிற கட்டை எரிந்து முடியும் வரை சூடு எங்கேயாவது போயாக வேண்டும்.

அதனால் வால்வு விஷயத்தில் நான் செய்தது இவ்வளவுதான். டாங்கிப் பக்கத்து வால்வைக் கழற்றி வெறும் குழாய் போட்டேன். குளியலறையில் துவாய் காயப்போடும் கம்பிக் குழாயையும் அந்தச் சுற்றிலேயே வால்வில்லாமல் இணைத்தேன். ரேடியேட்டர்களைத் தனிக் கிளையாக்கி ஒரு சின்னப் பம்ப், சூடு தானாக நழுவிப் போகாமலிருக்க ஒரு திரும்பா வால்வு. சுவிட்சைப் போட்டால் அறை சூடாகும், அணைத்தால் சுடுதண்ணீர் மட்டும். பாய்லர் அளவுக்கு மீறிச் சூடானால் சுவிட்ச் அணைந்திருந்தாலும் பம்ப் தானே ஓடும்படி குழாயில் ஒரு தெர்மோஸ்டாட் கட்டியிருக்கிறேன். காற்றுக்கு மரக்கிளை விழுந்து கரண்ட் போனாலும் டாங்கிச் சுற்று தன்பாட்டுக்கு ஓடும். அறை மட்டும் சூடாகி, சுடுதண்ணீர் வேண்டாம் என்றால் இதில் முடியாது. முடியாமல் இருப்பதுதான் பாதுகாப்பு.

பாய்லர்ச் சுற்றின் குழாயெல்லாம் செம்பு அல்லது ஜி.ஐ.யாக (துத்தநாகம் பூசிய இரும்பாக) இருக்கட்டும். பாய்லர் குழாயில் பிவிசி வைத்து ஒட்டியிருப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

அப்புறம் அந்தச் செம்மண் நிறத் தண்ணீர். ரேடியேட்டருக்குள் சுற்றுகிற தண்ணீரே குளிக்கும் குழாயிலும் வந்துகொண்டிருந்தது. தினமும் புதுத் தண்ணீர் புகுந்தால் ஒட்சிசனும் கூடவே புகும், இரும்பு துருப்பிடிக்கும். ரேடியேட்டரைக் கழற்றிச் சாய்த்தபோது மை மாதிரிக் கறுப்பாகக் கொட்டியது. நகக்கண்ணிலிருந்து அது போக இரண்டு நாளாயிற்று. மேலே சூடு, அடியில் சில்லென்று இருந்தால் இந்தச் சேறுதான் காரணம், கையால் தொட்டே கண்டுபிடிக்கலாம். உள்ளே சுருள் குழாய் வைத்த டாங்கியும், சூடேற்றும் சுற்றுக்குத் தனியாக ஒரு சிறிய மேல் டாங்கியும் வைத்த பிறகு இரண்டு தண்ணீரும் ஒன்றையொன்று தொடுவதில்லை.

டாங்கிச் சூட்டை மட்டும் 60 டிகிரிக்குக் கீழே இறக்கிவிடாதீர்கள். 20க்கும் 45க்கும் இடையில்தான் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி பெருகும். கை சுடுகிறது என்றால் குழாயடியில் பச்சைத் தண்ணீரைக் கலக்கும் வால்வு போடலாம்.

இரண்டே அறைதான் சூடாக வேண்டும் என்றால் ரேடியேட்டரை மறந்துவிட்டு, சுடுதண்ணீருக்கு மின்சார ஹீட்டர் வையுங்கள் என்பேன். 100 லீட்டர் தண்ணீரை 15இலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர மின்சாரத்தில் ஐந்து யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். 3 கிலோவாட் ஹீட்டருக்கு ஒன்றே முக்கால் மணி நேர வேலை. எர்த் வயரும் ட்ரிப் சுவிட்சும் சரியாக இருந்தால் போதும். அறைக்குக் கணப்பு இருக்கவே இருக்கிறது.

பழைய அடுப்பைத்தான் வைத்திருப்பேன் என்றால், எனக்குப் போன் எடுக்குமுன் கூரைக்குள் யாரையாவது ஏற்றி அந்த ஆவிக்குழாயின் வாய் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அடைத்திருந்தால் நான் வரும்வரை அடுப்பை மூட்ட வேண்டாம்.