பிரனேசி அச்சுப்படம் வாங்கும் முன் வானத்தைப் பாருங்கள்

ரோமின் இடிபாடுகளை 18ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கலைஞர் ஜொவான்னி பத்திஸ்தா பிரனேசி வரைந்த அச்சுப்படங்கள் "அசல்" என்ற ஒரே சொல்லோடு விற்பனைக்கு வருகின்றன. அந்தச் சொல்லை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். பிரனேசி 1778இல் காலமானார். அவர் படம் கீறி அச்சிட்ட செப்புத் தகடுகளோ மகன் பிரான்செஸ்கோ வழியாகப் பாரிஸ் போயின. 1830களில் ஃபிர்மான் திதோ பதிப்பகம் அவற்றில் அச்சிட்டது. பின்பு ரோமுக்கே திரும்பி, போப்பரசின் அச்சகத்திலும் அச்சு உருளைக்கடியில் போயின. தகடு அசல்தான். தாள் எந்தக் காலத்தது என்பதே கேள்வி.

இதற்குப் பதில் படத்தின் வானத்தில் இருக்கிறது. மெழுகும் பிசினும் கலந்த பூச்சை ஊசியால் கீறி, தகட்டை அமிலத்தில் இடுவார்கள். கீறிய இடத்தைத்தான் அமிலம் அரிக்கும்; அந்தப் பள்ளத்தில் தங்கும் மைதான் தாளில் கோடாக விழும். மேகம், தூரத்து மதில் போன்ற மெல்லிய கோடுகள் சற்றே அரிபட்டதும் அவற்றை வார்னிஷால் மூடிவிட்டு, தகட்டை மறுபடி அமிலத்தில் இடுவார்கள். கொலோசியத்தின் வளைவுகளுக்குள் தெரியும் அடர்ந்த இருள் இப்படிப் பலமுறை அரிபட்டு வந்தது. அதனால் வானக் கோடுகளுக்கு ஆழம் மிகக் குறைவு. ஒவ்வொரு படிக்கும் (அச்சிட்டு எடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும்) மையைத் துடைக்கும்போதும் உருளை அழுத்தும்போதும் செம்பு தேயும். முதலில் அழிவது வானம். அதை ஈடுகட்ட மையைக் கூட்டினால் நிழல்கள் ஒரே கறுப்பாக அப்பிக்கொள்ளும். வெளிறிய வானமும் அப்பிய நிழலும் சேர்ந்திருந்தால் பிந்திய படி என்று சந்தேகப்படலாம்.

அடுத்து, 10 மடங்கு லென்ஸ். கோடுகள் புள்ளிகளாகப் பிரிந்தால் அது ஆஃப்செட் நகல், அதாவது நவீன இயந்திர அச்சு. தகட்டின் விளிம்பு தாளில் பதித்த பள்ளத்தை மட்டும் நம்ப வேண்டாம், அதைத் தனியாக அழுத்தியும் உண்டாக்கலாம். 'வெதூதே தி ரோமா' (ரோமின் காட்சிகள்) என்ற அவருடைய பட வரிசையில் மேல் வலது மூலையில் அச்சான எண் இருந்தால், பெரும்பாலும் அது பாரிஸ் காலத்தது அல்லது அதற்கும் பிந்தியது. நடுவில் மடிப்பு இருப்பதால் ஒதுக்கிவிடாதீர்கள். பெரிய தாள்களை நூலாகக் கட்டியதன் தடம் அது.

சட்டமிடும்போதுதான் நல்ல படிகள் வீணாகின்றன, பார்க்கவே வேதனையாக இருக்கும். சாதாரண அட்டையின் அமிலம் படத்தைச் சுற்றிப் பழுப்புக் கோடு இழுத்துவிடும். அமிலமற்ற அட்டையே வேண்டும். செல்லோடேப் கூடாது, லேமினேஷன் கூடவே கூடாது. மேல் ஓரத்தில் மட்டும் ஜப்பானியத் தாள் பட்டைகளைக் கோதுமை மாவுப் பசையால் ஒட்டித் தொங்கவிடுங்கள். கண்ணாடி தாளில் படக்கூடாது. வெளிச்சம் 50 லக்ஸுக்குள் (லக்ஸ் என்பது ஒளியளவின் அலகு) இருக்கட்டும். ஓரம் அழுக்காக இருக்கிறதென்று தாளை நறுக்க யாரையும் அனுமதிக்காதீர்கள்.