தியேட்டர் லிஸ்டில் யார் பெயர்?

நாகர்கோவிலும் தக்கலையும் திருவிதாங்கூரில் இருந்த காலம். 1938ல் அந்தச் சமஸ்தானத்தின் சர்ஜன் ஜெனரலாக, அதாவது மருத்துவத் துறைத் தலைவராக, இருந்தவர் ஒரு பெண், டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ். 1968ல் சென்னையில் டி.எஸ்.கனகா என்ற பெண் மருத்துவர் நியூரோ சர்ஜரியில் (மூளை, நரம்பு அறுவை) எம்.சிஎச். என்ற உயர் அறுவைப் படிப்பை முடித்தார். பெண்ணால் முடியுமா என்ற கேள்வி அன்றே தீர்ந்துவிட்டது. இருந்தும் எம்.பி.பி.எஸ். வகுப்பில் நிறைந்திருக்கும் பெண்கள், யூராலஜி (சிறுநீர்ப் பாதை), நியூரோ, இதய அறுவை என்று மேலே போகப் போகக் குறைகிறார்கள். எங்கே குறைகிறார்கள் என்று அறிய, மறுநாள் ஆபரேஷன்களை யார் யார் செய்வது என்று முந்தின நாள் மாலை எழுதும் தியேட்டர் லிஸ்டைப் பார்த்தால் போதும்.

"ராத்திரி கேஸுக்கு நீ வேண்டாம்மா, வார்டைப் பாத்துக்கோ." சீனியர்கள் அன்பாகச் சொல்வதுதான். ஆனால் குடல் ஓட்டையும், சிக்கிக்கொண்ட ஹெர்னியாவும், களியக்காவிளை சாலையில் பைக்கிலிருந்து விழுந்தவரும் பெரும்பாலும் இரவில்தான் வருகிறார்கள். எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பின் வரும் 3 வருட எம்.எஸ்.ஸில் (அறுவை மேற்படிப்பு) கை பழகுவது அந்தக் கேஸ்களில். அதை இழந்தவர் எம்.சிஎச். சேர்ந்த முதல் மாதமே தடுமாறுவார். அப்போது "பெண்களுக்கு இது சரிவராது" என்பார்கள்.

இதற்கு மருந்து, ஒவ்வொரு கேஸையும் பதிந்து வைக்கும் லாக் புக். பார்த்தது, உதவியது, உதவியோடு செய்தது, தானே செய்தது என்று நான்கு வகை. பலர் "ஹெர்னியா, அசிஸ்டென்ட்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது போதாது. கார்டை (விந்துக்குழாய்க் கற்றையை) பிரித்தது யார், மெஷ் (வலை) வைத்துத் தைத்தது யார், தோல் மட்டும் தைத்தது யார் என்று படிப்படியாக எழுதுங்கள். மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்து, அதே பேட்ச் ஆண் பி.ஜி.யின் (மேற்படிப்பு மாணவரின்) எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, வழிகாட்டும் பேராசிரியரான கைடிடம் காட்டுங்கள். புலம்பலைத் தட்டிக்கழிக்கலாம், கூட்டிக் காட்டிய எண்ணை அவ்வளவு சுலபமாகத் தட்ட முடியாது.

அடுத்தது கருவிகள். ஸ்டோருக்கு அனுப்பும் தேவைப் பட்டியலில் (இன்டென்ட்) 7, 7½ அளவு கிளவுஸ் மட்டும் எழுதினால், 6 அல்லது 6½ கைக்காரருக்கு விரல்நுனி தொளதொளவென்று நிற்கும். முடிச்சுப் போடும்போது அந்த ரப்பரும் நூலோடு சேர்ந்து மாட்டும். பார்ப்பவர் கையைத்தான் குறை சொல்வார். சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியில் கருவியின் பிடி முழங்கை மட்டத்தில் இருக்க வேண்டும். உயரமான சீனியருக்கு வைத்த மேஜையில் அப்படியே நின்றால் தோள் தூக்கிக்கொள்ளும், ஒரு மணி நேரத்தில் கழுத்து இறுகும். அகலமான ஸ்டூல் போடச் சொல்லுங்கள். மின்சாரத்தால் சுட்டு ரத்தத்தை நிறுத்தும் டயதெர்மியின் பெடலையும் அந்த ஸ்டூல் மேலேயே வைக்கச் சொல்லுங்கள். பெடல் கீழே கிடந்தால் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு ஆபரேஷன் செய்ய வேண்டியதுதான்.

ஆர்த்தோ (எலும்பு), யூராலஜி பக்கம் போகாததற்குப் பலர் சொல்லும் காரணம், ஆபரேஷன் நடக்கும்போதே எக்ஸ்ரே காட்டும் சி-ஆர்ம் கருவியின் பயம். பயத்தைவிட அளவு தெரிந்திருப்பது நல்லது. கதிரைத் தடுக்க அணியும், 0.5 மி.மீ. ஈயத்துக்கு இணையான ஏப்ரன், பெரிய சைஸாக இருந்தால் அக்குள் ஓரம் திறந்து கிடக்கும். மார்பின் மேல்வெளிப் பகுதி அங்கேதான் படும். அளவான ஏப்ரன் கேளுங்கள். மடித்து வைத்தால் உள்ளே விரிசல் விழும், தொங்கவிட வேண்டும். பக்கவாட்டுப் படம் எடுக்கும்போது எக்ஸ்ரே டியூப் இருக்கும் பக்கம் நிற்காதீர்கள், சிதறல் அங்கேதான் அதிகம். தூரம் இரட்டித்தால் டோஸ் ஏறக்குறைய கால்பங்காகும். உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் ஏப்ரனுக்குள்ளே இருக்க வேண்டும். கர்ப்பத்தை அறிவித்த பிறகு, பேறு வரை கருவுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு 1 மில்லிசீவர்ட். ஆகவே சீக்கிரம் சொல்வது நல்லது, சி-ஆர்ம் போஸ்டிங்கை மாற்றிப் போடலாம்.

வயசுக் கணக்கு: எம்.பி.பி.எஸ். ஐந்தரை வருடம், எம்.எஸ். 3, எம்.சிஎச். 3. 18ல் சேர்ந்து ஒரு நாளும் வீணாக்காமல் படித்தாலும் எம்.சிஎச். முடிய 29 தாண்டும். நீட் தயாரிப்பு, பாண்டு (ஒப்பந்தப்படி செய்ய வேண்டிய பணி) எல்லாம் தனி. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிமுறை பேறுகால விடுப்பை அரசு விதிப்படி தருகிறது. கூடவே 80 சதவீத வருகையும் கேட்கிறது. விடுப்பு எடுத்தால் பயிற்சி நீளும், பரீட்சையும் தள்ளிப்போகலாம். சேரும்போதே துறைத்தலைவரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்கும்போது இந்தக் கணக்கையும் மேஜையில் வைத்துவிடுங்கள்.

எம்.சிஎச்.சுக்குத் திருவனந்தபுரம் போகிறவர்கள், படிப்பில் இடம் எடுக்கும் முன் அங்கே படிக்கும் சீனியர் அக்காவிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். பெண்கள் டியூட்டி ரூமுக்குத் தாழ்ப்பாள் உண்டா? மறுநாள் கேஸ் பற்றிய பேச்சு எங்கே நடக்கிறது? இரண்டாவது கேள்வி முக்கியம். பல இடங்களில் அது ஆண்கள் உடை மாற்றும் அறையில் நடந்து முடிந்துவிடுகிறது. பெண் பி.ஜி. நர்ஸ்களோடு இன்னொரு அறையில் இருப்பார், கேஸ் கைமாறியது லிஸ்ட் பார்த்துத்தான் தெரியும். துறைத்தலைவர் நினைத்தால் அந்தப் பேச்சை வார்டு போர்டுக்கு முன்னால் கொண்டுவர ஒரு நாள் போதும்.

வார்டில் "டாக்டரு எப்பம் வருவாரு, சிஸ்டர்?" என்று நோயாளியின் அம்மா கேட்பார். அவர் மேல் தப்பில்லை. ரவுண்ட்ஸில் யூனிட் சீஃப் கட்டிலருகே நின்று, "நாளைக்கு உங்க மகனுக்கு ஆபரேஷன் செய்யப்போறது இவங்கதான்" என்று சொல்லிவிட்டால், அடுத்த நாள் தியேட்டர் வாசலில் அந்த அம்மா தேடுவது அந்தப் பெண்ணைத்தான்.