பிள்ளை தங்க முன்னமே குளிசை எதற்கு?

வெள்ளவத்தையில் இருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “மகளுக்குக் கலியாணம் முடிஞ்சு ரெண்டு மாசம். மிட்வைஃப் வந்து ஃபோலிக் அசிட் குளிசை குடுத்திட்டுப் போறா. பிள்ளையே தங்கேல்லை, அதுக்குள்ள என்ன அவசரம்?”

நல்ல கேள்வி. 2020இல் கொழும்பில் கூடியது போன்ற பிறவிக் குறைபாட்டு மாநாடுகளிலும் இந்த மலிவான குளிசைக்கு எப்போதும் இடமுண்டு. அவசரத்துக்குக் காரணம் ஒரு மடிப்பு.

கருத்தரித்து மூன்றாம் கிழமை, கரு என்பது ஓரிரு மில்லிமீற்றர் நீளமான தட்டையான தகடு. அதன் மேற்படலத்தின் நடுப்பகுதிதான் பிறகு மூளையும் முண்ணாணும் ஆகும். அதற்கு முதலில் தகடு குழாயாக வேண்டும். மடிக்கக் கை கிடையாது. என்ன நடக்கிறது?

அப்பம்மாவின் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை இழுத்தால் வாய் ஒடுங்கும், அடி அகன்றே இருக்கும். படலத்தின் கலங்களுக்கும் மேல் விளிம்பைச் சுற்றி அக்டின் என்ற புரத இழைகளாலான கயிறு உண்டு. கலம் தன் கயிற்றைத் தானே இழுத்து ஆப்பு வடிவமாகிறது. பக்கத்துக் கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால், வரிசையாகப் பல வாய்கள் ஒடுங்கும்போது தகடு வளைந்தே ஆகவேண்டும். நடுவில் பள்ளம் விழ, இரு கரைகளும் எழுந்து ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து தொடுகின்றன. பிறகு பற்றீஸ் ஓரத்தை நசுக்கி ஒட்டுவதுபோல, கழுத்துப் பக்கம் தொடங்கி மேலும் கீழுமாக மூடிக்கொண்டு போகும். இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அத்தனை வியப்பு.

குழாயின் தலைப்பக்க வாய் கருத்தரித்து ஏறத்தாழ 25ஆம் நாளில் மூடும், வால்பக்கம் 28இல். கணக்குப் பார்த்தால், மாதவிலக்கு தள்ளி இரண்டு கிழமைதான். பல பெண்கள் சோதித்துப் பார்க்க முன்னமே மடிப்பு முடிந்துவிடும். கீழே மூடாவிட்டால் ஸ்பைனா பிஃபிடா, அதாவது முள்ளந்தண்டு முழுதாக மூடாத குறை. மேலே மூடாவிட்டால் மண்டையோட்டிலும் மூளையிலும் பெரும்பகுதி உருவாகாது, பிள்ளை பிழைக்காது.

வேகமாகப் பெருகும் கலங்களுக்கு டிஎன்ஏ கட்ட ஃபோலேட் என்ற விற்றமின் வேண்டும். குளிசையில் உள்ள ஃபோலிக் அசிட் அதன் ஒரு வடிவம். 1931இல் பம்பாயில் கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ், அதைக் குணமாக்கும் ஏதோ ஒரு பொருள் ஈஸ்ட் சாற்றில் இருப்பதாகக் கண்டார். அவர் கொடுத்தது மாமைட், நாம் பாணுக்குப் பூசுகிற அதே மாமைட்! அந்தப் பொருள்தான் பிறகு ஃபோலேட் என்று தெரிந்தது. குழாய்க்கும் அதற்கும் உள்ள தொடர்பை 1991இல் ஒரு பெரிய சோதனை உறுதிசெய்தது. ஏற்கெனவே இக்குறையுள்ள பிள்ளையைச் சுமந்த பெண்களிடம் செய்த சோதனை அது. மறுபடி இக்குறை வந்த 27 கருக்களில் ஃபோலிக் அசிட் எடுத்தவர்களுடையவை 6, எடுக்காதவர்களுடையவை 21. பலன் தெளிவாகத் தெரிந்ததால் சோதனையை இடையிலேயே நிறுத்தினார்கள்.

2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்தன்று யாழ்ப்பாணத்தில் என் சித்தியின் மகள் ஏழு மாதக் கர்ப்பிணி. காலை முழுக்க யன்னலைச் சாத்திவிட்டு அறைக்குள் இருத்தினார்கள், பிள்ளைக்கு உதடு பிளந்துவிடுமாம். ஏழு மாதத்தில் உதடு கூடி எத்தனையோ காலம்! கிரகணத்துக்குப் பஞ்சாங்கம் பார்க்கிற வீட்டில் அந்த 28 நாளை யாரும் எண்ணவில்லை. காப்புரிமை இல்லாத, காசு பண்ண வழியில்லாத குளிசைக்கு விளம்பரம் செய்யக் கம்பனி வராது. இது அரச பணத்தில் நடக்க வேண்டிய வேலை என்பது என் கட்சி.

ஆகவே அம்மா, மகள் இப்போதே குடிக்கட்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு 400 மைக்ரோகிராம், பிள்ளைக்கு முயலும் காலத்தில் தொடங்கிக் கர்ப்பத்தின் 12ஆம் கிழமை வரை. வலிப்புக்கு மருந்து எடுப்பவரோ, முன்பு இக்குறையுள்ள பிள்ளையைச் சுமந்தவரோ என்றால் அளவு கூடும், டொக்டரிடம் கேளுங்கள். மாமைட் பாணும் சாப்பிடலாம், ஆனால் அது குளிசைக்கு ஈடாகாது.